சினிமாவைவிட ஆறு வயது மூத்த சினிமா தியேட்டர்

பிரான்ஸின் தெற்குக் கரையில், மார்செய்க்கும் தூலோனுக்கும் நடுவே லா சியோத்தா என்றொரு ஊர். அங்கே கடலைப் பார்த்தபடி மஞ்சள் முகப்போடு ஒரு தியேட்டர் நிற்கிறது. பெயர் ஈடன். உலகில் இன்றும் படம் ஓடுகிற தியேட்டர்களில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். கின்னஸ் ஏட்டிலும் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

இதில் ஒரு சின்ன இடறல் உண்டு. ஈடன் திறக்கப்பட்டது 1889 ஜூன் 15ஆம் தேதி. லூமியேர் சகோதரர்களின் சினிமாக் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது 1895 பிப்ரவரி 13ஆம் தேதி. பெண் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே கல்யாணப் பந்தல் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது அல்லவா?

சினிமா தியேட்டர் என்பது எப்படி உருவானது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு இடறலே போதும். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கொட்டகைக்குள் சினிமா குடிவந்தது. அப்படிக் குடிவர லா சியோத்தா போன்ற ஒரு சீசன் ஊர் ஏன் தோதாக இருந்தது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சீசன் ஊரின் மாலைப் பொழுது

குற்றாலத்தில் சாரல் காலத்தில் தங்கியவர்களுக்குத் தெரியும். காலையில் ஒரு குளியல், மத்தியானம் ஒரு குளியல், நடுவில் சாப்பாடு. சாயங்காலம் ஆனதும் என்ன செய்வதென்று தெரியாது. கடைத்தெருவில் நாலு சுற்று சுற்றி, வேண்டாத ஒரு மூங்கில் கூடையை வாங்கி, மறுபடியும் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். கையில் காசும் இருக்கும், நேரமும் இருக்கும். செலவழிக்க வழி இருக்காது.

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கடற்கரை ஊர்களிலும் இதே கதைதான். கடல்நீர் உடம்புக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்ல ஆரம்பித்ததும், ரயில் பாதை கரைவரை நீண்டதும் சேர்ந்து மீனவர் ஊர்கள் பலவற்றை ஓய்வு ஊர்களாக மாற்றின. மார்செய்க்கும் தூலோனுக்கும் இடையிலான ரயில் பாதை 1850களின் இறுதியில் வந்தது. அப்படி வந்து இறங்குகிறவர்களின் மாலைப் பொழுதைப் பிடித்துக்கொள்ள ஊர் ஊராக அரங்குகள் முளைத்தன. பாட்டு, நகைச்சுவை, கழைக்கூத்து, மேஜிக், நாடகம் என்று கலந்து கட்டி ஒரே மேடையில் நடக்கும். பெயர்களும் அதற்கேற்ற பகட்டோடு இருக்கும். ஈடன் என்றால் பைபிளில் வரும் ஆதித் தோட்டம். பாரிஸில் 1883 முதலே அந்தப் பெயரில் ஒரு பெரிய அரங்கு இருந்தது. லா சியோத்தாக்காரர்கள் தலைநகர் பாணியைப் பின்பற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் லா சியோத்தாவை வெறும் உல்லாச ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு கப்பல் கட்டும் ஊர். மெசாஜெரி மரித்தீம் என்ற கப்பல் கம்பெனியின் பட்டறை அங்கே இருந்தது. அந்தக் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் கொழும்புக்கும் புதுச்சேரிக்கும் வந்து போனவை. ஊரின் பெரும்பாலோர் அந்தப் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியவர்கள். ஒரு பக்கம் குடை பிடித்துக் கரையில் நடக்கும் விருந்தாளிகள், இன்னொரு பக்கம் எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பும் தொழிலாளிகள். ஈடனுக்கு இரண்டு கூட்டமும் தேவைப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

புகைப்படக்காரர் வாங்கிய தோட்டம்

அந்தக் குடை பிடித்த கூட்டத்தில் ஒருவர் அந்துவான் லூமியேர். லியோன் நகரத்துப் புகைப்படக்காரர். அவருடைய இரண்டாவது மகன் லூயி பதினேழு வயதிலேயே புகைப்படத் தகடு ஒன்றை மேம்படுத்தினான். நீல லேபிள் ஒட்டி விற்ற அந்தத் தகடு குடும்பத்தைப் பெரும் பணக்காரர்களாக்கியது. மகன்கள் ஒகுஸ்தும் லூயியும் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ள, அப்பா தாராளமாகச் செலவு செய்தார். லா சியோத்தா கடற்கரையில் பெரிய நிலம் வாங்கி மாளிகை கட்டினார். அதற்குக் குளோ தெ பிளாழ் என்று பெயர். கடற்கரைத் தோட்டம் என்று சொல்லலாம்.

1894இல் அந்துவான் பாரிஸ் போனபோது எடிசனின் கினெட்டோஸ்கோப்பைப் பார்த்தார். அது ஒரு மரப்பெட்டி. மேலே உள்ள கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துக் குனிந்து பார்த்தால் உள்ளே படம் அசையும். நம் ஊர்த் திருவிழாக்களில் பயாஸ்கோப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஒரு பெட்டிக்கு ஒரு ஆள். பத்துப் பேர் பார்க்கப் பத்துப் பெட்டி வேண்டும். அந்துவான் வீடு திரும்பி மகன்களிடம் சொன்னதன் சாரம் இதுதான்: படத்தைப் பெட்டியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும்.

இது சாதாரண வேலையில்லை. நீளமான ஃபிலிம் சுருளை விளக்குக்கு முன்னால் சும்மா இழுத்துக்கொண்டே போனால் திரையில் கலங்கலாக ஒரு கோடுதான் ஓடும். ஒவ்வொரு சின்னப் படமும் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், அப்புறம் சட்டென்று நகர வேண்டும், அடுத்தது வந்து நிற்க வேண்டும். நகரும் கணத்தில் வெளிச்சம் மறைக்கப்பட வேண்டும். இதை நொடிக்குப் பதினாறு தடவை செய்ய வேண்டும்.

லூயிக்கு வழி காட்டியது தையல் மிஷின். வீட்டில் தையல் மிஷின் இருந்தால் மெதுவாக மிதித்து, ஊசிக்குக் கீழே உற்றுப் பாருங்கள். ஊசி துணிக்குள் இறங்கும்போது துணி அசையாமல் நிற்கும். ஊசி மேலே ஏறியதும், அடியிலிருந்து பல் பல்லாக ஒரு தகடு எழும்பித் துணியைக் கவ்விக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் கீழே அமுங்கிவிடும். மறுபடி ஊசி இறங்கும். நில், நகர், நில், நகர். லூமியேர் கருவியிலும் இரண்டு கொக்கிகள் ஃபிலிமின் இரு ஓரத்திலும் உள்ள துளைகளில் நுழைந்து, ஒரு படம் அளவுக்கு இழுத்துவிட்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டத் துளைகள். கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் பதினாறு படங்கள் நகரும்.

அந்தக் கருவிக்குத்தான் சினிமாட்டோகிராஃப் என்று பெயர். நாம் சொல்லும் சினிமா அதன் தலைப்பாகம். ஏறக்குறைய ஐந்து கிலோ எடை. படம் பிடிக்கவும், பிடித்ததைப் பிரதி எடுக்கவும், திரையில் காட்டவும் அந்த ஒரே பெட்டி போதும். மின்சாரம் கூடத் தேவையில்லை, கையால் சுற்றினால் ஓடும். விளக்கை மட்டும் தனியாகப் பின்னால் வைக்க வேண்டும். ஒரு சுருள் சுமார் 17 மீட்டர், ஓடும் நேரம் ஐம்பது நொடி சொச்சம்.

விளக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விளக்கின் ஒளியை ஃபிலிமின் மேல் குவிக்க லூமியேர் ஆட்கள் கண்ணாடி வில்லைக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய உருண்டைக் குடுவை ஒன்றை வைத்தார்கள். தண்ணீர் வெளிச்சத்தைக் குவிக்கும், சூட்டை வாங்கிக்கொள்ளும், ஃபிலிம் தீப்பிடிக்காது. நான் இதை முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். சின்ன வயதில் நாங்கள் செய்ததும் அதேதான். பியூஸ் போன குண்டு பல்பின் அடியை உடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, வெளியே ஒருவன் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட, நடுவில் துண்டு ஃபிலிமைப் பிடித்தால் சுவரில் கட்டிய வேட்டியில் கதாநாயகன் தலைகீழாகத் தெரிவார். ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் நேராகத் தெரிவார். அசைய மாட்டார், அவ்வளவுதான் குறை.

ரயிலும் ஒரு கட்டுக்கதையும்

1895 முழுக்கவே லூமியேர்கள் வெள்ளோட்டம் பார்த்தார்கள். மார்ச் 22 பாரிஸில் அறிஞர்கள் கூட்டம் ஒன்றில் காட்டினார்கள். ஜூனில் லியோனில் புகைப்படக்காரர்கள் மாநாட்டில் காட்டினார்கள். செப்டம்பர் 21 லா சியோத்தா மாளிகையில் நண்பர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் அழைத்துக் காட்டினார்கள். பாரிஸில் கிராண்ட் கஃபே என்ற காப்பிக் கடையில் நடந்த புகழ்பெற்ற காட்சிக்கு மூன்று மாதம் முன்பே இந்த ஊர் சினிமா பார்த்துவிட்டது. ஆனால் டிக்கெட் இல்லை, விருந்துதான்.

காசு வாங்கிக்கொண்டு காட்டியது டிசம்பர் 28. பாரிஸில் அந்தக் காப்பிக் கடையின் நிலவறை. அந்த அறைக்கு ‘இந்திய அறை’ என்று பெயர். சினிமாவின் பிறந்தநாளாகப் பாடப்புத்தகங்கள் சொல்லும் நாளில், நம் பெயர் எப்படியோ கதவில் ஒட்டியிருந்தது. ஒரு ஃபிராங்க் கட்டணம், முதல் நாள் 33 பேர், பத்துக் குறும்படங்கள். அதில் ஒன்று கடல். ஒரு சின்னப் பாலத்திலிருந்து சிறுவர்கள் அலைக்குள் குதிக்கிறார்கள், நீந்தி ஏறுகிறார்கள், மறுபடி குதிக்கிறார்கள். அவ்வளவே. எடுத்த இடம் லா சியோத்தா.

லா சியோத்தாவை உலகம் அறிந்தது இன்னொரு படத்தால். ஸ்டேஷனுக்குள் ரயில் வருகிறது. தூரத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றும் இன்ஜின் குறுக்கும் நெடுக்குமாக இல்லாமல் மூலைவாட்டில் வந்து, திரையின் இடது ஓரம் முழுக்க நிறைந்து நிற்கிறது. கதவுகள் திறக்கின்றன. ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். பிளாட்பாரத்தில் இருப்பவர்களில் லூமியேர் வீட்டாரும் உண்டு. ஒரே இடத்தில் கேமராவை வைத்து எடுத்த ஐம்பது நொடிப் படம்தான். ஆனால் தூரக் காட்சி, நடுக் காட்சி, அண்மைக் காட்சி எல்லாம் கேமரா நகராமலே வந்துவிடுகின்றன. ரயிலும் மனிதர்களும் நகர்ந்து அதைச் செய்து கொடுக்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ரயில் மேலே ஏறிவிடும் என்று பயந்து அலறி ஓடினார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல கதை. ஆனால் அப்படி ஒரு பீதி நடந்ததற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். டிசம்பர் 28ஆம் தேதிப் பட்டியலில் இந்த ரயில் இல்லவும் இல்லை. அது திரைக்கு வந்தது 1896இல். பார்த்தவர்கள் திடுக்கிட்டிருக்கலாம், ரசித்திருக்கலாம். ஆனால் ரயில் வராத சாம்பல் நிறச் சுவர் அது என்பது ஒரு ஃபிராங்க் கொடுத்து உள்ளே வந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? முன்னோர்கள் விவரமில்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு சுகம். அந்தக் கதை இன்னும் செத்துப் போகாததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1896 ஜூலை 7ஆம் தேதி பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் கம்பெனியின் ஆள் காட்சி நடத்தினார். ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் இறங்கியவர். ஒரு ரூபாய் கட்டணம். ஆறு படங்களில் ‘ரயில் வருகை’ ஒன்று, ‘கடல் குளியல்’ ஒன்று. கடற்கரை ஊரில் ஓய்வெடுக்க வந்த ஒரு குடும்பம் பொழுதுபோக்காகப் பிடித்தவை போன்ற இந்தக் காட்சிகள் ஒரு வருஷத்துக்குள் உலகைச் சுற்றிவிட்டன.

படம் ஊர் மாறுமா, ஆள் மாறுவார்களா?

சரி, சினிமா வந்துவிட்டது. அப்படியானால் உடனே தியேட்டர்கள் முளைத்திருக்க வேண்டுமே? முளைக்கவில்லை. ஏறக்குறைய பத்து வருஷம் சினிமாவுக்கு நிலையான வீடே பெரும்பாலும் இல்லை. காப்பிக் கடை, ஹோட்டல் கூடம், சந்தைக் கூடாரம், நாடக மேடையின் இடைவேளை என்று நாடோடியாகத் திரிந்தது.

காரணம் கணக்கு. அன்றைக்குப் படங்களை வாடகைக்கு விடும் வழக்கம் இல்லை. காட்டுகிறவர் மீட்டர் கணக்கில் காசு கொடுத்து விலைக்கு வாங்க வேண்டும். வாங்கிய பத்து இருபது படங்களை ஒரு ஊரில் ஒரு வாரம் காட்டினால் ஊரே பார்த்துவிடும். மறுவாரம் யார் வருவார்கள்? ஒன்று, புதிய படம் வாங்க வேண்டும், கட்டுப்படியாகாது. அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். எல்லோரும் இரண்டாவது வழியையே பிடித்தார்கள். நம் ஊரில் சாமிக்கண்ணு வின்சென்ட் செய்ததும் அதுதான். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி நிலையாக உட்கார்ந்தது 1914இல்தான்.

இந்தக் கணக்கில் சீசன் ஊருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அங்கே படம் ஊர் மாற வேண்டியதில்லை, ஆட்களே மாறிக்கொண்டிருப்பார்கள். இந்த வாரம் வந்தவர்கள் மூட்டை கட்டிப் போனதும் அடுத்த ரயிலில் புதுக்கூட்டம் வந்து இறங்கும். அவர்களுக்குப் பழைய படமும் புதுப் படம்தான். ஆகவே ஓய்வு ஊர்களின் அரங்குகள் சினிமாவைச் சீக்கிரமே சேர்த்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

இந்தப் பிரச்சினை பொதுவாகத் தீர்ந்தது 1907 வாக்கில். பாத்தே என்ற பெரிய பிரெஞ்சுக் கம்பெனி, இனி படங்களை விற்க மாட்டோம், வாடகைக்குத்தான் விடுவோம் என்று அறிவித்தது. வாடகை வந்ததும் ஒரே கட்டிடத்தில் வாராவாரம் புதுப்படம் மாற்ற முடிந்தது. அதற்குப் பிறகுதான் சினிமாவுக்கென்றே கட்டிடம் கட்டுவது லாபமான தொழிலாக ஆனது. தியேட்டர் என்ற கட்டிடத்தின் பின்னால் கட்டடக் கலையைவிட இந்த வாடகை ஏற்பாட்டுக்குத்தான் அதிகப் பங்கு.

மார்ச் மாதம் வந்த 250 பேர்

ஈடனுக்கு வருவோம். அப்போது அதன் உரிமையாளர் ரவூல் கல்லோ. அந்துவான் லூமியேரின் நண்பர். லூமியேர் படங்கள் காசுக்கு ஈடனில் காட்டப்பட்டது 1899 மார்ச் 21. வந்தவர்கள் 250 பேர்.

தேதியைக் கவனியுங்கள். மார்ச் மாதக் கடைசியில் அந்தக் கடலில் யாரும் ஆசைப்பட்டு இறங்க மாட்டார்கள். தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருக்கும். கோடைக் கூட்டம் வர இன்னும் மாதங்கள் இருந்தன. அப்படியென்றால் அந்த 250 பேரில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். பட்டறைத் தொழிலாளி, கடைக்காரர், அவர்கள் வீட்டுப் பெண்கள். விருந்தாளிகள் கருவியை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வருஷம் முழுக்கத் தியேட்டரை ஓட்டியது ஊர்க்காரர்கள். சீசன் ஊர்த் தியேட்டர்கள் பிழைத்திருப்பதும் மூடப்படுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பொறுத்தது.

1895இல் விருந்து, 1899இல் டிக்கெட். நடுவில் ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டால் ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் இடையில் நடந்த ஒரு விபத்தை விட்டுவிட முடியாது. 1897 மே 4, பாரிஸில் தருமக் கண்காட்சி ஒன்று. மரச் சட்டமும் துணியுமாகப் போட்ட பந்தல். அதன் ஒரு மூலையில் சினிமாக் காட்சி. காட்சி விளக்குக்கு ஈதர் எரிபொருள். அதை நிரப்பும் நேரத்தில் இருட்டாக இருக்கிறதென்று ஒருவர் தீக்குச்சி கிழித்தார். சில நிமிடங்களில் 120 பேருக்கு மேல் கருகிப் போனார்கள். பெரும்பாலோர் பெரிய குடும்பத்துப் பெண்கள், ஒரு சீமாட்டி ஆஸ்திரியப் பேரரசியின் தங்கை. சினிமா என்றாலே பயம் என்று கொஞ்ச காலம் ஆகிவிட்டது.

அன்றைய ஃபிலிமும் லேசுப்பட்டதில்லை. நைட்ரேட் ஃபிலிம் ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ஆகவே காட்டும் கருவியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, சுவருக்குப் பின்னால் வைத்து, ஒரு சின்னச் சதுர ஓட்டை வழியாக மட்டும் ஒளியை அனுப்பும் வழக்கம் உருவானது. நாம் ஆபரேட்டர் ரூம் என்று சொல்லும் அறையின் பூர்வீகம் அந்தத் தீதான். அந்த ஓட்டை வழியாக வரும் ஒளிக்கற்றையில் பீடிப் புகை சுருண்டு போவதைப் படத்தைவிட ஆர்வமாகப் பார்த்தவன் நான்.

ஈடன் அதன் பின்னும் முழுநேர சினிமா தியேட்டராக ஆகிவிடவில்லை. பாட்டும் நாடகமும் தொடர்ந்தன. மல்யுத்தமும் குத்துச்சண்டையும் நடந்தன. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற எதித் பியாஃபும் ஈவ் மோந்தானும் அந்த மேடையில் பாடியிருக்கிறார்கள். இப்போது மால்களில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது நூறு வருஷத்துக்கு முன்பே சின்ன ஊர்களின் சாதாரண நடைமுறை.

வீழ்ச்சியும் மற்ற தியேட்டர்களுக்கு வந்தது போலத்தான், தொலைக்காட்சியால். ஆனால் ஈடனுக்குக் கூடுதலாக ஒரு இடி. 1982இல் கொள்ளையடிக்க வந்தவர்கள் உரிமையாளரைக் கொன்றுவிட்டார்கள். தியேட்டர் மூடப்பட்டது. வருஷத்துக்கு ஒருமுறை திரைப்பட விழாவுக்கு மட்டும் கதவு திறந்தது, 1995இல் அதுவும் நின்றது. ஊரின் கப்பல் பட்டறையும் 1980களின் இறுதியில் மூடப்பட்டிருந்தது. வருஷம் முழுக்கத் தியேட்டரை ஓட்டியவர்கள் என்று மேலே சொன்னேனே, அவர்களின் பிழைப்பே போயிருந்த காலம்.

காப்பாற்றியது ஊர்க்காரர்களின் சங்கம் ஒன்றின் பிடிவாதம். முகப்பு பாதுகாக்க வேண்டிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மார்செய் வட்டாரம் 2013இல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராக இருந்தபோது பணமும் கவனமும் வந்தன. அந்த வருஷம் அக்டோபர் 9ஆம் தேதி ஈடன் மறுபடி திறந்தது. இப்போது அதில் இருக்கைகள் இருநூறுக்கும் குறைவு.

அப்போ எதுதான் முதல்?

இணையத்தில் தேடினால் ‘உலகின் முதல் தியேட்டர்’ என்று குறைந்தது அரை டஜன் பெயர் வரும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கு ஒன்றை எண்ணுகிறார்கள். காசுக்குத் திரையில் காட்டியது என்று பார்த்தால் பெர்லினின் விண்டர்கார்டன் அரங்கு கிராண்ட் கஃபேவுக்கு முந்தியது. ஸ்க்ளடனோவ்ஸ்கி சகோதரர்கள் வேறொரு கருவியில் 1895 நவம்பர் 1ஆம் தேதியே காட்டிவிட்டார்கள். படம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய கூடம் என்றால் 1896 ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் திறந்த வைட்டாஸ்கோப் ஹால் வரும். பத்து சென்ட் டிக்கெட். ஆனால் நிலைக்கவில்லை. ஐந்து சென்ட் தியேட்டர்கள் அமெரிக்கா முழுக்கக் காளான் போலப் பரவத் தொடங்கியது 1905இல் பிட்ஸ்பர்கில் திறந்த ஒன்றுக்குப் பிறகு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சின்ன ஊரின் ஸ்டேட் தியேட்டர், 1897 மே மாதமே எங்கள் கட்டிடத்தில் படம் ஓடியது என்று சொல்கிறது. ஈடனைவிட இரண்டு வருஷம் முந்தியது. போலந்திலும் டென்மார்க்கிலும் 1900களில் தொடங்கிய தியேட்டர்கள் சில காலம் கின்னஸ் பட்டத்தை வைத்திருந்தன.

ஈடனின் பலம் கட்டிடத்தின் வயது. அதன் பலவீனமும் அதுவே. கட்டியபோது அது சினிமாவுக்காகக் கட்டப்படவில்லை. நடுவில் முப்பது வருஷம் ஏறக்குறைய இருட்டில் கிடந்தது. ‘தொடர்ந்து’ என்ற ஒரு சொல்லைப் போட்டால் அயோவாக்காரர் வருகிறார், ‘சினிமாவுக்கென்றே’ என்று போட்டால் வேறொருவர் வருகிறார். என்னைக் கேட்டால் நான் ஈடன் பக்கம்தான். கருவியைச் செய்தவர்கள் நடந்து போகிற தூரத்தில் இருந்தார்கள், திரையில் ஓடிய கடல் வாசலுக்கு எதிரே அலையடித்தது. இது வாதமில்லை, பிரியம், ஒத்துக்கொள்கிறேன்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: மார்செயிலிருந்து தூலோன் போகும் ரயில்கள் லா சியோத்தாவில் நிற்கின்றன. படத்தில் வரும் அதே ஸ்டேஷன், இன்னும் இயங்குகிறது. ஆனால் அது ஊருக்குச் சில கிலோமீட்டர் வெளியே இருக்கிறது. பிளாட்பாரத்தில் நின்று இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு, கடற்கரைக்கு பஸ் பிடிக்க வேண்டும்.